எமனோடு தினமும் மல்லுக்கட்டு! முப்பது ஆண்டு சோராமல் நிற்பது எப்படி?

மதுரையில் இருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, சமயநல்லூர். வைகை ஆறு, நெல் வயல், ரெயில் நிலையம், நாலு வழிச் சாலை எல்லாம் அருகருகே அமைந்த ஊர்.

அந்தச் சாலை சாதாரணச் சாலை அல்ல. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. மதுரை நகருக்குள் நுழையாமல் கப்பலூர் வழியாகத் தெற்கே போகும் லாரிகள், சமயநல்லூர் பக்கம்தான் திரும்புகின்றன. இரவு முழுவதும் சக்கரங்கள் ஓய்வதில்லை.

இரவு மணி 2. சாலை ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் போனை எடுத்து 108-ஐ அழுத்துகிறார். ஆம்புலன்சு வருகிறது. இரண்டு பேர் இறங்கி ஓடுகிறார்கள். அடிபட்டவரின் கழுத்து அசையாதபடி பட்டை போடுகிறார்கள். ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்கிறார்கள். வண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரியை நோக்கிப் பறக்கிறது. அங்கே வாசலில் ஒரு டாக்டர் காத்து நிற்கிறார்.

இப்போது ஒரு கேள்வி. அந்த டாக்டர் நேற்று வேலைக்கு வந்தவராக இருக்க வேண்டுமா? அல்லது, இப்படி ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துக் கை பழகியவராக இருக்க வேண்டுமா?

படுத்திருப்பது நம் பிள்ளை என்றால், பதில் சொல்ல யோசிக்க மாட்டோம்.

கை பழகியவர்தான் வேண்டும். ஆனால், கை பழகும் வரை அந்த இடத்தில் நிலைத்து நிற்பதுதான் கஷ்டம். டாக்டர்களைச் சீக்கிரம் களைக்க வைக்கும் வேலைகளில் இது ஒன்று. சில ஆண்டு பார்த்துவிட்டு, "போதுமடா சாமி!" என்று வேறு பிரிவுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அதே இடத்தில் 25 ஆண்டு, 30 ஆண்டு நிற்பவர்களும் உண்டு.

நிற்பவர்களின் ரகசியம் என்ன? கல் நெஞ்சா?

இல்லை. கல் நெஞ்சுக்காரர்கள்தான் முதலில் உடைகிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

பழைய வேலை, புதிய படிப்பு

அவசர சிகிச்சை பழைய வேலை. ஆனால், அது தனிப் படிப்பு ஆனது மிகச் சமீபத்தில்தான்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் "கேசுவாலிட்டி" என்று ஒரு அறை இருக்கும். படிப்பை முடித்த இளம் டாக்டர்கள் சில மாதம் அங்கே முறை வைத்து வேலை பார்ப்பார்கள். பிறகு ஆபரேஷன், குழந்தை வைத்தியம், கண் வைத்தியம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். அதாவது, மிக மோசமான நிலையில் நோயாளி வந்து சேரும் இடத்தில், மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர் நிற்பார்! நம் ஊரில் மட்டும் அல்ல. உலகம் பூராவும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் லீட்சு நகர ஆஸ்பத்திரியில் 1952-ம் ஆண்டில் மாரிசு எல்லிசு என்ற டாக்டர் இந்த வேலைக்கென்றே தலைமை டாக்டராக நியமிக்கப்பட்டார். அந்த நாட்டில் அவர்தான் முதல் ஆள்.

அமெரிக்காவில் அலெக்சாண்டிரியா என்ற ஊர். 1961-ம் ஆண்டு. அங்கே ஜேம்சு மில்சு என்ற டாக்டர் சொந்த வைத்தியசாலையை விட்டுவிட்டு, மூன்று டாக்டர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அவசர சிகிச்சை அறையை மட்டுமே பார்க்க ஆரம்பித்தார். "இதையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று மற்ற டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். மில்சு செய்த காரியத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. நாலு பேரும் முறை வகுத்துக்கொண்டார்கள். முறை வந்தால் முழு வேலை. முறை முடிந்தால் முழு ஓய்வு. இரவு பகல் எந்த நேரமும் அறையில் டாக்டர் உண்டு. ஆனால், எந்த டாக்டரும் இரவு பகலாக நிற்கவில்லை!

இன்றைக்கும் இதைவிடச் சிறந்த வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

அமெரிக்கா 1979-ம் ஆண்டில் இதைத் தனித் துறை என்று ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகாரம் கொடுத்தது 2009-ம் ஆண்டில்தான். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி, எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பெயரோடு அதற்கு முன்பே இருந்தது. அந்தக் காலத்தில் இருந்து அங்கே விபத்துக் கேசுகளைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். டாக்டர்கள், நர்சுகள், ஸ்டிரெச்சர் தள்ளியவர்கள். ஆனால், "அவசர சிகிச்சை நிபுணர்" என்று பட்டம் வாங்கி, அதிலேயே காலம் முழுவதும் இருந்து, ஓய்வு பெற்று, இளையவர்களுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் அதிகம் இல்லை. துறைக்கே வயது அவ்வளவுதான்.

பாதை போட்டுக்கொண்டே நடக்கிறார்கள், இன்றைய டாக்டர்கள்.

மகளை இழந்த டாக்டர்

ஆம்புலன்சின் கதையும் இதோடு சேர்ந்தது.

பீட்டர் சாபர் என்ற டாக்டர் ஆஸ்திரியா நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் வேலை பார்த்தவர். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதினால் பிழைக்க வைக்கலாம் என்று 1950-களில் சோதனை செய்து நிரூபித்தவர்.

1966-ம் ஆண்டு அவர் வெளியூர் போயிருந்த சமயம். வீட்டில் அவருடைய மகளுக்குக் கடுமையான ஆஸ்துமா. சிறுமியின் மூச்சு நின்றது. இதயத்தை மறுபடி துடிக்க வைத்தார்கள். ஆனால், மூளை பிழைக்கவில்லை. ஊர் உலகத்துக்கு எல்லாம் மூச்சுக் கொடுக்கக் கற்றுக்கொடுத்த டாக்டரின் மகள் இறந்துபோனாள்.

சாபர் மனம் உடைந்து ஒதுங்கவில்லை. வழியிலேயே சிகிச்சை கொடுக்கும் ஆம்புலன்சு வேண்டும் என்று இறங்கினார். பிட்சுபர்க் நகரில் வேலை இல்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1967-ல் "பிரீடம் அவுஸ்" என்ற ஆம்புலன்சு சேவை பிறந்தது. அதற்கு முன்பு அந்த ஊரில் நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு போவது போலீஸ் வண்டிதான்! இந்த இளைஞர்கள் ஓடும் வண்டியிலேயே வைத்தியம் செய்தார்கள். சாபர் அதன் பிறகும் பல ஆண்டுகள் இதே துறையில் உழைத்து 2003-ல் காலமானார்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு தொடங்கியது, 2008-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. வண்டி ஓட்டுபவருக்கு அங்கே "பைலட்" என்று பெயர். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். பெரியாஸ்பத்திரி டாக்டர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே, அரை மணி நேரம் எமனோடு மல்லுக்கு நின்றிருப்பவர்கள் இவர்கள்தான். நிலைத்து நிற்பது எப்படி என்ற கேள்வி டாக்டருக்கு மட்டும் அல்ல. இவர்களுக்கும் உண்டு.

ரத்தம் அல்ல, காரணம்!

"தினமும் ரத்தத்தைப் பார்த்தால் மனசு வெறுத்துப் போகாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

ரத்தம் சில மாதத்தில் பழகிவிடும். பழகாதது வேறு.

முதலாவது, தூக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடியற்காலை 3 மணியில் இருந்து 5 மணி வரை உடம்பின் சூடு குறையும். மூளை மந்தம் ஆகும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரருக்கும் இதே கதிதான். அந்த நேரத்தில்தான் மருந்தின் அளவைக் கணக்குப் போட வேண்டும். ஊசியை நரம்பில் சரியாக ஏற்ற வேண்டும்.

காலையில் வேலை முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடாது. விடிய விடிய விழித்தவர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். கண் சொக்குகிறது. இரவெல்லாம் விபத்துக் கேசு பார்த்தவரே விபத்துக் கேசாக வந்து சேர்வது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆகவே, ராத்திரி டியூட்டி பார்த்தவர் பஸ்சில் வீடு திரும்புவது நல்லது. அல்லது, புறப்படும் முன்பு ஒரு குட்டித் தூக்கம் போடலாம். நடு இரவில் ஆள் மாற்றி ஆள் 20 நிமிடம் கண் அசந்தால்கூட, விடியற்காலை மந்தம் குறைகிறது. காப்பி குடிப்பதானால் வேலை தொடங்கிய முதல் பாதியில் குடிக்க வேண்டும். விடியும் நேரத்தில் குடித்தால், காலையில் படுத்தவருக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை!

முறை மாற்றுவதிலும் ஒழுங்கு இருக்கிறது. பகல் முறை, பிறகு மாலை முறை, பிறகு இரவு முறை என்று முன்னோக்கிப் போனால் உடம்பு தாங்கும். இரவில் இருந்து மாலை, மாலையில் இருந்து பகல் என்று பின்னோக்கி இழுத்தால் தாங்காது. அட்டவணை எழுதுகிறவர் பேனா பிடிக்கும்போதே இதை யோசித்தால், பத்துப் பேருடைய ஆயுள் கூடும்.

மருமகள் இன்னும் எழுந்திருக்கவில்லையா?

தூக்கம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு மட்டும் அல்ல. அது வீட்டின் பொறுப்பும்கூட.

ராத்திரி டியூட்டி முடித்த நர்சு காலை 9 மணிக்கு வீட்டுக்கு வருகிறார். குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, 10 மணிக்குப் படுக்கிறார். பத்தரைக்குக் குக்கர் விசில் அடிக்கிறது. பதினொன்றுக்குக் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவுகிறார். தெருமுனையில் கலியாணம் என்றால் பாட்டு வேறு. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

"என்ன மதினி, மருமக இன்னும் எந்திரிக்கலையா?"

இந்தக் கேள்விக்கு மாமியார் என்ன பதில் சொல்கிறார் என்பதில் இருக்கிறது, அந்த நர்சு எத்தனை ஆண்டு வேலையில் நீடிப்பார் என்பது!

"மெதுவாப் பேசுங்க மதினி. பிள்ளை விடிய விடிய நின்னுட்டு வந்து இப்பத்தான் கண்ணு அசந்திருக்கு" என்று சொல்லும் வீடாக இருந்தால், அவர் இருபது ஆண்டு நிற்பார். "அவளுக்கு என்ன, மகாராணி!" என்று சொல்லும் வீடாக இருந்தால், இரண்டு ஆண்டில் ராஜினாமாக் கடிதம் எழுதுவார். ஆண் டாக்டருக்கு இந்தத் தொல்லை பாதிதான். அவர் பகலில் தூங்கினால் வீடே நடை பழகும். பெண் தூங்கினால் மட்டும் சோம்பலா? இது என்ன நியாயம்?

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. போனுக்கு ஓய்வு. கதவுக்கு வெளியே ஒரு காவல். இவ்வளவு கிடைத்தால் போதும்.

கதையின் முடிவு தெரியாதவர்கள்

இரண்டாவது காரணம், வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

குழந்தை வைத்தியர் தான் ஊசி போட்ட குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கிறார். கண் டாக்டர் கட்டு அவிழ்க்கும்போது முதியவரின் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறார். அவசர சிகிச்சை டாக்டர்? உயிரைப் பிடித்து நிறுத்தியதும் நோயாளியை மாடிக்கு அனுப்பிவிடுகிறார். அடுத்த ஸ்டிரெச்சர் வந்துவிடுகிறது. அந்த ஆள் பிழைத்தாரா? வீட்டுக்கு நடந்து போனாரா? தெரியாது. ஆனால், வாசலிலேயே இறந்தவர்களை மட்டும் அவர் முழுக்கப் பார்க்கிறார்.

நல்ல முடிவு கண்ணில் படாது. கெட்ட முடிவு மட்டும் கண்ணில் படும். இப்படி ஆயிரம் நாள் போனால், "நான் என்னதான் செய்கிறேன்?" என்று யாருக்கும் தோன்றும்.

இதற்கு மருந்து மிகச் சுலபம். மறுநாள் பத்து நிமிடம் ஒதுக்கி வார்டுக்கு ஏறிப் போய், நேற்று வந்தவரைப் பார்ப்பது. அவ்வளவுதான். மருத்துவ உதவியாளரும் அப்படி விசாரிக்கலாம்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதற்கு நல்ல உதாரணம், பாம்புக் கடி. நாகமோ கட்டுவிரியனோ கடித்தால் முதலில் கண் இமை தானாக மூடும். பிறகு விழுங்க முடியாது. பிறகு மூச்சே நிற்கும். பார்ப்பவர் "போய்விட்டார்" என்பார்கள். டாக்டர் தொண்டைக்குள் குழாய் வைத்து, எந்திரத்தின் மூலம் மூச்சுக் கொடுத்து, விஷ முறிவு மருந்து ஏற்றுகிறார். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுப்பதால் கிடைக்கும் மருந்து அது. சில நாளில் இமை திறக்கிறது. அந்த விவசாயி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்! அதை ஒரு தடவை கண்ணால் பார்த்த டாக்டர், ஆறு மாதத்துக்குச் சோர்வு இல்லாமல் வேலை பார்ப்பார்.

(கடித்த இடத்தை அறுக்காதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழித்துவிட்டு வந்தால், டாக்டரின் கையில் ஒன்றும் இருக்காது.)

ஒரு நிமிட மவுனம்

இனி, சாவு.

எவ்வளவு போராடியும் சிலர் இறந்துதான் போகிறார்கள். அடுத்த கட்டிலில் இன்னொருவர் முனகுகிறார். டாக்டர் கையுறையைக் கழற்றி, புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, அங்கே ஓடுகிறார். அழக்கூட நேரம் இல்லை. அந்த அழுகை எங்கே போகும்? உள்ளேயே தங்கும். வீட்டில் குழந்தை மீது எரிந்து விழும்போது அது வெளியே வரும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜோனாதன் பார்ட்டெல்சு என்று ஒரு ஆண் நர்சு. அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளி இறந்ததும், சுற்றி நின்ற எல்லோரும் ஒரு நிமிடம் அப்படியே அசையாமல் நிற்பது. அவர் நம்மைப் போல் ஒரு மனிதர், அவரை நேசித்தவர்கள் இருக்கிறார்கள், அவரைக் காப்பாற்ற நாம் பாடுபட்டோம் என்று ஒருவர் சொல்வார். பிறகு மவுனம். அவரவர் மனதுக்குள் அவரவர் தெய்வத்தை நினைக்கலாம். நினைக்காமலும் இருக்கலாம். பிறகு அவரவர் வேலைக்குப் போவார்கள். இந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. செலவு, ஒரு பைசா இல்லை.

உறவினரிடம் சாவைச் சொல்வது, அதைவிடக் கஷ்டம். நின்றுகொண்டு, வராந்தாவில், போகிற போக்கில் சொல்லக் கூடாது. தனி இடத்தில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நம் தமிழில் சாவை மறைத்துச் சொல்ல ஏராளமான வார்த்தைகள் இருக்கின்றன. "கொஞ்சம் கஷ்டம்தான்", "நாங்க முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்" என்று சொன்னால், கேட்பவர் இன்னும் உயிர் இருப்பதாக நினைப்பார். "வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா?" என்பார். பிறகு உண்மை தெரியும்போது கோபம் இரண்டு மடங்கு வரும். "இறந்துவிட்டார்" என்ற சொல்லைத் தெளிவாக, கனிவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும் வரை பேசாமல் பக்கத்தில் இருப்பதே நல்லது. இதைக் கற்றுக்கொண்ட டாக்டர் பல சண்டைகளில் இருந்து தப்புகிறார்.

கல் நெஞ்சுக்காரர்கள் ஏன் முதலில் உடைகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று யாரிடமும் பேசாமல் இருப்பவர் அவர்தான். நோயாளியை "அந்த மூணாம் நம்பர் கட்டில்" என்று மட்டும் அழைக்க ஆரம்பித்தால், அது முதல் அறிகுறி. எண்ணெய் வற்றிய விளக்குப் போல் திரி கருகுகிறது என்று பொருள். 2019-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வைப் பற்றி விளக்கம் வெளியிட்டது. இது தனி ஆளின் நோய் அல்ல. வேலை செய்யும் இடத்தின் நெருக்கடி தீராமல் இருப்பதால் வருவது என்று அதில் கூறியது. ஆகவே, "நீ தியானம் செய்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி கைகழுவ முடியாது. ஆள் போதாத இடத்தில் தியானம் மட்டும் எதைச் சாதிக்கும்?

சிவப்பு, மஞ்சள், பச்சை

மூன்றாவது காரணம் நாம்தான்!

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களை மூன்று நிறமாகப் பிரிக்கிறார்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் சிவப்பு. சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றால் மஞ்சள். சற்றுப் பொறுக்கலாம் என்றால் பச்சை. இந்த யோசனைக்கு வயது 200-க்கும் மேல். பிரெஞ்சு மன்னன் நெப்போலியனின் படையில் லாரே என்று ஒரு டாக்டர் இருந்தார். தளபதியா, சிப்பாயா என்று பார்க்காமல், காயம் எவ்வளவு மோசம் என்று பார்த்துச் சிகிச்சை கொடுத்தவர் அவர்.

நாம் என்ன செய்கிறோம்? கை முறிந்த பச்சை நிறத்துக்காரரோடு பன்னிரண்டு பேர் போகிறோம். "நாங்கதானே முதல்ல வந்தோம்!" என்று கத்துகிறோம். திரைக்குப் பின்னால் ஒருவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறோம்.

டாக்டர்களையும் நர்சுகளையும் தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தாக்குதல் நிற்கவில்லை. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொல்கத்தாவில் ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், இரவு வேலையில் இருந்த ஒரு இளம் பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொடூரமாகக் கொலை செய்யப்பட்டார். அவர் ஓய்வு எடுக்கப் போனது ஒரு கூட்ட அறையில். பூட்டுப் போட்ட ஓய்வு அறை என்பது டாக்டர்கள் கேட்கும் சலுகை அல்ல என்பதை நாடு அன்று உணர்ந்தது.

சமயநல்லூர்க்காரர்கள் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டு போகலாம். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருக்கலாம். சாலையில் அடிபட்டவரைக் கண்டால், "போலீஸ் கேசு ஆகிவிடுமே" என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்ந்துவிட்டது. பணம் இல்லையே என்ற பயமும் வேண்டாம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை கொடுக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை, தமிழ்நாடு அரசு 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தொடங்கியது. நீங்கள் சீக்கிரம் கொண்டு போனால், டாக்டர் வெற்றி பெறுவார். வெற்றி பெறும் டாக்டர் வேலையை விட்டுப் போக மாட்டார்.

ஐம்பது வயதில் என்ன செய்வது?

25 வயதில் ராத்திரி முழுவதும் நின்றுவிட்டுக் காலையில் சினிமாவுக்குப் போகலாம். ஐம்பது வயதில் முடியாது. அதற்காக வேலையை விட வேண்டுமா?

மதுரைக்காரர்கள் இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியது இல்லை. டாக்டர் வெங்கடசாமியின் கதை எல்லோருக்கும் தெரியும். பிரசவ டாக்டர் ஆக விரும்பியவர் அவர். மூட்டு வாதம் வந்து கை விரல்கள் கோணிப் போயின. மருத்துவத்தை விட்டுவிடவில்லை. கண் வைத்தியத்துக்கு மாறினார். கோணிய விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 58-வது வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை டாக்டர் செய்வது, மற்றதைப் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வது என்று பிரித்தார். அவருடையது அவசர சிகிச்சை அல்ல. ஆனால், உடம்பு மாறும்போது வேலையின் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வித்தை எல்லோருக்கும் பொதுதானே!

அவசர சிகிச்சையிலும் அப்படி இடங்கள் இருக்கின்றன. வாரத்தில் சில நாள் வகுப்பு எடுக்கலாம். ஆம்புலன்சு உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையைக் காட்டலாம்.

தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வருகிறது. மாடுபிடி வீரர்களுக்கு முன்கூட்டியே மருத்துவச் சோதனை. திடல் ஓரத்தில் சிகிச்சை முகாம். வரிசையாக ஆம்புலன்சு. பலத்த காயம் என்றால் பெரியாஸ்பத்திரி. இத்தனையையும் திட்டம் போட, நிறையப் பார்த்த ஒரு மூத்த டாக்டரின் மூளை வேண்டும். காளை எந்த இடத்தில் குத்தும், எந்தக் காயம் வெளியே சின்னதாகத் தெரிந்து உள்ளே பெரிதாக இருக்கும் என்பதைப் புத்தகத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இளைஞரின் காலும், மூத்தவரின் கண்ணும் சேர்ந்தால்தான் அந்தப் பந்தல் நடக்கும்.

என்ன படிக்க வேண்டும்?

"என் மகனுக்கு, மகளுக்கு இந்த வேலையில் ஆசை இருக்கிறது. என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்கும் பெற்றோருக்காகச் சில வரிகள்.

டாக்டர் ஆவதானால் பிளஸ்-2-வுக்குப் பிறகு எம்.பி.பி.எஸ். அதற்கு மேல் அவசர மருத்துவத்தில் 3 ஆண்டு எம்.டி. படிப்பு. நர்சிங் படித்தவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் எப்போதும் தேவை உண்டு. 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு, நர்சிங் மட்டும் அல்லாமல், லேப் டெக்னீசியன் படிப்பு, விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டப் படிப்பு முடித்தவர்களையும் எடுத்து, தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். பைலட் வேலைக்கு லைசென்சும் ஓட்டிய அனுபவமும் முக்கியம்.

சேருவதற்கு முன்பு பிள்ளையிடம் மூன்று விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள். மனதில் இருப்பதை யாரிடமாவது வாய் விட்டுப் பேசும் பழக்கம் உண்டா? கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்குமா? பகலில் தூக்கம் வருமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வாயால் சொன்னால் போதாது. லீவு நாளில் ஒரு வாரம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குக்கர் விசிலைச் சற்று நிறுத்தி வைத்தால் சரி.